அப்பாவின் மைலேஜ் நோட்டும் ஸ்பீடோ சென்சாரும்

எங்கள் வீட்டு மாருதி 800, 1998ஆம் வருஷத்து வண்டி. கார்புரேட்டர் மாடல். 2023ல் ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வந்தபோது வண்டியில் வேலை செய்யாமல் இருந்த ஒரே சாமான் ஸ்பீடோமீட்டர்தான். முதலில் முள் 40க்கும் 60க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடியது. பிறகு டேஷ்போர்டுக்குள் ஒரு கீச்சுச் சத்தம். ஒரு நாள் முள் படுத்தேவிட்டது. கேபிள் மாற்றினோம், நாலே மாதத்தில் அறுந்தது. இன்னொரு கேபிள் போட்டோம், அதுவும் போனது. அப்போதுதான் மெக்கானிக் அண்ணன் மீட்டரைக் கழற்றி, பின்பக்கத் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பிக் காட்டினார். "உள்ள இறுகிடுச்சு சார். எத்தனை கேபிள் போட்டாலும் இது முறுக்கி அறுத்துரும்."

பழைய மீட்டர் ஒரு அழகான யந்திரம், அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தைச் சுற்றி ஒரு அலுமினியக் கிண்ணம், ஒன்றோடொன்று தொடாமல் இருக்கும். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே இழுக்கும். மெல்லிய ஒரு மயிரிழை ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடம்தான் முள் நிற்கும் இடம். பாட்டரியும் வேண்டாம், வயரும் வேண்டாம்.

அதே மாதிரி மீட்டர் சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கிடைத்தது. ஆனால் கையில் எடுத்துத் திருப்பினால் அதுவும் கொஞ்சம் இறுக்கம். 25 வருஷப் பழசுக்குப் பதில் 20 வருஷப் பழசா என்று தோன்றியது. சென்சாரிலிருந்து வரும் பல்ஸை, அதாவது மின் துடிப்பை, எண்ணி இலக்கத்தில் வேகம் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கினேன். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்று அதில் நாமே எண் போட்டுக்கொள்ளலாம். சென்சார் வைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று கணக்குப் போட்டேன். ஆறு ஞாயிறு ஆனது.

கியர்பாக்ஸில் கை வைக்க முதலில் பயம். அதனால் கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டில் நான்கு சின்ன நியோடிமியம் காந்தம் ஒட்டி, எதிரே ஒரு ஹால் சென்சார் வைப்பது என்று முடிவு செய்தேன். காந்தம் எதிரே வந்து போகும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு பல்ஸ் தரும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் 3144 என்று கேட்டால் மூன்று கால் உள்ள குட்டிக் கறுப்புத் துண்டு ஒன்றைத் தருவார்கள். டீ, வடைக்கு ஆகும் காசுதான். பத்து வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல வேளை, மூன்றை வரிசையாகக் கொன்றேன். பிளஸ், எர்த் மாற்றிக் கொடுத்தேன், புகைகூட விடாமல் செத்தன.

சக்கரத்தில் டிஸ்க் பக்கமாகக் காந்தம் ஒட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம். சாதாரண நியோடிமியம் 80 டிகிரிக்கு மேல் போனால் பலம் இழக்க ஆரம்பிக்கும். ஒரு மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் டிஸ்க் அதைவிடப் பல மடங்கு சூடாகும்.

முதல் ஞாயிறு முழுக்க ஒரு பல்ஸ்கூட வரவில்லை. காரணம் காந்தத்தின் முகம். இந்த வகை ஹால் சென்சார், எழுத்து அச்சிட்ட முகத்துக்கு நேரே தென் துருவம் வந்தால்தான் விழிக்கும். நான் நான்கையும் வட துருவம் வெளியே தெரியும்படி ஒட்டியிருந்தேன். ஒட்டுவதற்கு முன்பே மேஜையில் சோதித்திருக்க வேண்டும். சென்சாருக்கு 12 வோல்ட் கொடுத்து, பிளஸ்ஸிலிருந்து ஒரு 1 கே ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி. வழியாக அதன் வெளியீட்டுக் காலில் சேர்த்தால், சரியான முகம் வரும்போது விளக்கு எரியும். அந்த முகத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி. இரண்டு நிமிஷ வேலை.

இரண்டாவது ஞாயிறு பல்ஸ் வந்தது. ஆனால் வண்டியை எடுக்கும்போது வேகம் காட்டாமல், பத்தடி போன பிறகுதான் எண் எட்டிப்பார்த்தது. படுத்துக்கொண்டு பார்த்தபோது புரிந்தது. சென்சார் பிராக்கெட்டை நான் பாடியில் போல்ட் போட்டிருந்தேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கின்றன. முதல் கியரில் கிளட்ச் விடும்போது மொத்தமும் ஒரு பக்கம் சாயும், கூடவே ஷாஃப்டும் நகரும். நிற்கும்போது 3 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி, இழுக்கும்போது காந்தத்தின் எட்டுக்கு வெளியே போய்விடுகிறது. பிராக்கெட்டை கியர்பாக்ஸ் போல்ட்டிலேயே மாட்டி, ஷாஃப்டின் உள் ஜாயின்ட் பக்கம் கொண்டுபோனேன். இப்போது ஆடினால் இரண்டும் சேர்ந்து ஆடும். அந்தத் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

அடுத்து வந்ததுதான் வேடிக்கை. வீட்டு வாசலில், நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் 30 காட்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் 60, 70 என்று ஏறியது. என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, நின்னுக்கிட்டே ஊட்டிக்குப் போய்ட்டீங்களா?" என்றாள்.

பேப்பரில் கணக்குப் போட்டேன். மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை ஸ்பார்க் அடிக்கும். ஐட்லிங்கில் 800 சுற்று என்றால் நிமிஷத்துக்கு 1200, வினாடிக்கு 20. என் மீட்டரின் அன்றைய கணக்குப்படி வினாடிக்கு 20 பல்ஸ் என்பது மணிக்குக் கிட்டத்தட்ட 30 கி.மீ. அதாவது மீட்டர் சக்கரத்தை எண்ணவே இல்லை, ஸ்பார்க்கை எண்ணிக்கொண்டிருந்தது! சென்சார் வயரை நான் பிளக் வயர்களோடு சேர்த்து, பார்க்க நீட்டாக இருக்கட்டும் என்று, ஒரே டையில் கட்டியிருந்தேன். நீட்டாகத்தான் இருந்தது.

இதைத் தீர்க்க நான்கு காரியம் செய்தேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டேன். வயரை டிஸ்ட்ரிப்யூட்டர், இக்னிஷன் காயில் இரண்டுக்கும் எதிர்ப்பக்கமாக ஓட்டினேன். சாதாரண வயருக்குப் பதில், சுற்றிலும் உலோக உறை உள்ள ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை மீட்டர் முனையில் மட்டும் எர்த் செய்தேன். இரண்டு முனையிலும் எர்த் கொடுத்தால் அந்த ஷீல்டு வழியாகவே பாடி கரண்ட் ஓடி வேறு தொல்லை வரும். சென்சாரின் பிளஸ், எர்த் கால்களுக்கு நடுவில் 104 என்று போட்ட சின்ன கெபாசிட்டர் ஒன்று சோல்டர் செய்தேன். கடைசியாக, வெளியீட்டுக் காலை பிளஸ்ஸோடு இணைக்கும் ரெசிஸ்டரை 10 கேயிலிருந்து 2.2 கே ஆக்கினேன். ஹால் சென்சாரின் வெளியீடு தானாக வோல்டேஜ் தராது, எர்த்துக்கு இழுக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். மேலே தூக்கிப் பிடிப்பது அந்த ரெசிஸ்டர். அதன் பிடிப்பு பலவீனமாக இருந்தால் பக்கத்தில் போகிற எந்த மின் இரைச்சலும் அந்த வயரின் வோல்டேஜை ஆட்டிவிடும். அதன்பின் நின்ற வண்டி 0 காட்டியது. ஹாரன் அடித்தாலும் 0.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு மழை நாள் கழித்து, எல்லா வண்டியும் என்னைத் தாண்டிப் போக, மீட்டர் மட்டும் 45 என்றது. நான்கு காந்தத்தில் ஒன்று உதிர்ந்திருந்தது. நான்கில் ஒன்று போனால் 60 கிலோமீட்டர் 45 ஆகும், கணக்கு கச்சிதம். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள ஷாஃப்டில் சரியாகத் தேய்க்காமல் எப்பாக்சி போட்டது என் தவறு. ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கியிருந்தால் நின்றிருக்கும். ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. சுற்றுகிற ஷாஃப்டில் எதையாவது ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை.

அப்போதுதான் மீட்டர் பாயிடம் போனேன். அந்தக் காலத்தில் ஆட்டோ மீட்டர் ரிப்பேர் செய்தவர், இப்போது அறுபதைத் தாண்டியவர். நான் சொன்ன கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "கேபிள் போற ஓட்டை சும்மாதானே இருக்கு தம்பி? அதை விட்டுட்டு ஏன் கீழ படுத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

கேபிள் மாட்டும் இடத்திலேயே திருகி வைக்கும் ஹால் சென்சார்கள் உண்டு. உள்ளே காந்தம் சுற்றும், ஒரு சுற்றுக்கு நான்கு பல்ஸ் வரும். பாய் தன் டப்பாவிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. சதுர முனையின் நீளம் பழைய கேபிள் முனையோடு ஒத்துப்போக வேண்டும். கூடுதலாக இருந்தால் நட்டு முழுசாக உட்காராது, பலவந்தப்படுத்தினால் உள்ளே பிளாஸ்டிக் கியர் உடையும். நட்டைக் கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம். வயர் நிறத்தை நம்பக் கூடாது, கூட வந்த தாளைப் பார்த்தோ தெரிந்தவரைக் கேட்டோதான் கரண்ட் கொடுக்க வேண்டும். மூன்று சென்சார் கொன்றவன் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். இடது முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் கையால் பத்து சுற்று சுற்றினேன். சக்கரம் ஒரு சுற்றினால் இந்த வண்டியில் கேபிளும் ஏறக்குறைய ஒரு சுற்று. ஆக 40 பல்ஸ் வர வேண்டும். வந்தது 20. மறுபடியும் சுற்றினேன், 20. பாதி பல்ஸ் தரும் சென்சாரைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று ஒரு கணம் பாய் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. போனில் கேட்டேன். அவர் சிரித்தார். "ரெண்டு சக்கரத்தையும் தூக்கிட்டு ரெண்டையும் சேர்த்துச் சுத்துங்க தம்பி."

டிஃபரன்ஷியல்! வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதி அது. ஸ்பீடோ கியர் ஓடுவது டிஃபரன்ஷியல் கூட்டிலிருந்து. அந்தக் கூடு இரண்டு சக்கரங்களின் சராசரி வேகத்தில் சுற்றும். வலது சக்கரம் தரையில் நிற்க, இடது மட்டும் பத்து சுற்றினால் கூடு ஐந்துதான் சுற்றும். டிரைவ் ஷாஃப்டில் காந்தம் வைத்தால் வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகவும் எண்ணப்படும். இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. பாய் சொன்ன ஓட்டைதான் சரியான ஓட்டை.

இனி எண் போடும் வேலை. இதில்தான் என் மூளை அதிகம் வெந்தது.

ஜப்பானிய வழக்கப்படி, 60 கி.மீ. வேகத்தில் கேபிள் நிமிஷத்துக்கு 637 சுற்று சுற்றும். 60ல் போனால் நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர், ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று. நான்கு பல்ஸால் பெருக்கினால் 2548. புது மீட்டரில் கம்பெனி போட்டிருந்த எண்ணும் அதேதான். தொடாமல் விட்டுவிட்டு ரோட்டுக்குப் போனேன். மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து, போன் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஜி.பி.எஸ். வேகத்தை நம்பலாம். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது கொஞ்சம் பின்தங்கும், அப்போது பார்க்கக் கூடாது. ஜி.பி.எஸ். 60 என்றபோது மீட்டர் 57.

குறைவாகக் காட்டுகிறதே என்று 60ஐ 57ஆல் வகுத்து, வந்ததை 2548ஆல் பெருக்கி, 2682 என்று போட்டேன். திரும்பி வரும்போது அதே 60க்கு மீட்டர் 54 என்றது. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எண்ணைக் கூட்டினால் வேகம் குறையும். மீட்டருக்கு நாம் சொல்வது "இத்தனை பல்ஸ் வந்தால்தான் ஒரு கிலோமீட்டர்" என்று. அதிகம் கேட்டால் அது கிலோமீட்டரைத் தாமதமாக எண்ணும். மீட்டர் காட்டியதை உண்மை வேகத்தால் வகுத்து, பழைய எண்ணால் பெருக்க வேண்டும். 57ஐ 60ஆல் வகுத்து 2548ஆல் பெருக்கினால் 2421. இதை ஒரு சீட்டில் எழுதி மீட்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் முழு இலக்கத்தில் காட்டும் 57ஐ வைத்து நுணுக்கமாகக் கணக்குப் போட முடியாது. அது 57.0 ஆகவும் இருக்கலாம், 57.9 ஆகவும் இருக்கலாம். அதனால் தூரத்தை அளப்பது என்று முடிவு செய்தேன். மீட்டரில் பல்ஸை நேரடியாக எண்ணிக் காட்டும் வசதி இருந்தது. ஊருக்கு வெளியே விடியற்காலையில், நெடுஞ்சாலை கிலோமீட்டர் கல் ஒன்றின் பக்கத்தில் முன் சக்கரத்தை நிறுத்தி பூஜ்யம் செய்து, அடுத்த கல்லில் நிறுத்தினேன். 2434. அடுத்தது 2439. அடுத்தது 2297! நான்காவது 2435. மூன்றாவது கிலோமீட்டர் மட்டும் ஐம்பதறுபது மீட்டர் குறைவு. சாலையை அகலப்படுத்தியபோது கல்லைப் பிடுங்கி, வசதியான இடத்தில் நட்டிருப்பார்கள் போல. ஒரே ஒரு கிலோமீட்டரை நம்பி எண் போட்டிருந்தால் அந்தக் கல்லின் பொய் என் மீட்டரில் ஏறியிருக்கும். மற்ற மூன்றின் சராசரி 2436. நிறுத்தும்போது இரண்டு மீட்டர் முன்னே பின்னே போனாலும் ஆயிரத்தில் இரண்டுதான், கவலையில்லை.

போவதற்கு முன் டயர் காற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அளவு நாடாவை வைத்து வாசலிலும் ஒரு தடவை பார்த்தேன். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, டிரைவர் சீட்டில் ஆளை உட்காரவைத்து, பத்து சுற்று தள்ளினோம். 16 மீட்டர் 32 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.632 மீட்டர். டயரில் எழுதிய அளவை வைத்துக் கணக்குப் போட்டால் 1.675 வருகிறது. பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்குகிறது, பாதி தேய்ந்தும் இருக்கிறது அல்லவா, அதுதான் அந்த நாலு சென்டிமீட்டர். புத்தகக் கணக்கை மட்டும் நம்பினால் இரண்டு சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடும்.

சரி, 2548 எங்கே, 2436 எங்கே? இதற்குப் பதில் 2006ல் இருந்தது. இந்த வண்டிக்கு வந்த டயர் 145/70 ஆர் 12. ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிறு இடிக்கிறது என்று 2006ல் அப்பா 13 அங்குல அலாய் சக்கரமும் 145/70 ஆர் 13 டயரும் போட்டார். உயரம் அரை அங்குலம் கூடியது. சக்கரத்தின் சுற்றளவும் 5 சதவீதம் கூடியது. 2548ஐ அந்த விகிதத்தில் குறைத்தால் 2427. ரோட்டில் நான் எண்ணியது 2436. ஒன்பது பல்ஸ்தான் வித்தியாசம்.

மீட்டரில் 2436ஐ அப்படியே போடவில்லை, 2385 போட்டேன். ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதி உலகம் முழுக்கப் பல நாடுகளில் பின்பற்றப்படுவது. அதன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக் கூடாது. கூடுதலாக, பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை காட்டலாம். என் டயர் பாதி தேய்ந்தது. புது டயர் போட்டால் சுற்றளவு சுமார் ஒரு சதவீதம் கூடும், அப்போது மீட்டர் குறைவாகக் காட்ட ஆரம்பிக்கும். அதற்கு இடம் விட்டு இரண்டு சதவீதம் கூட்டி வைத்தேன். 60ல் போனால் 61 காட்டும். கிலோமீட்டர் எண்ணிக்கையும் அதே இரண்டு சதவீதம் கூடும், அதை நான் ஏற்றுக்கொண்டேன். வேகத்துக்கும் தூரத்துக்கும் தனித்தனி எண் போட வசதியுள்ள மீட்டர் கிடைத்தால் வாங்குங்கள். எனக்குக் கிடைக்கவில்லை.

பழைய மீட்டரில் நின்ற கிலோமீட்டரை போட்டோ எடுத்து, தேதியோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்தேன். புது மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. நாளைக்கு வண்டி கைமாறினால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். ஆர்.சி. வேலையும் சிக்கலில்லாமல் முடிந்தது.

அப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. 1998லிருந்து பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தடவையும் தேதி, கிலோமீட்டர், லிட்டர். 2006 வரை லிட்டருக்கு 18 என்று இருந்த மைலேஜ் அதன்பின் 17ஐத் தொட்டு நின்றுவிட்டது. பக்க ஓரத்தில் சிவப்பு மையில் "கார்ப். சர்வீஸ்" என்று ஒரு தடவை, "கார்ப். புதுசு" என்று இன்னொரு தடவை. மெக்கானிக்கோடு சண்டை போட்டு ஆளை மாற்றியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். சக்கரம் பெரிசானதால் மீட்டர் கிலோமீட்டரைக் குறைத்து எண்ணியது, 100 ஓடினால் 95 என்றது, 17ஐ 1.05ஆல் பெருக்கிப் பாருங்கள் என்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கினார். 17.85. மறுபடியும் பெருக்கினார். பக்கத்தைப் புரட்டி 2006க்குப் போனார், சிவப்பு மையில் எழுதியிருந்த தொகை மேல் விரலை வைத்தார்.

"அப்ப அந்த கார்புரேட்டர்ல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லப்பா."

"அது இன்னும் பரண்லதான் இருக்கு" என்றார்.